பதினோராவது கிலோமீட்டர்

பெரிய மாப்பிள்ளைக்குச் சின்ன மாப்பிள்ளையைக் கண்டால் ஆகாது. அதைப் பொறாமை என்று யாராவது சொன்னால் அடிக்க வருவார். ஆனால் பொறாமைதான், அதுவும் கலப்படம் இல்லாத சுத்தப் பொறாமை.

பெரியவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கடற்கரையிலிருந்து மலை உச்சிவரை நான்கு நாள், இருநூற்றுப் பதினான்கு கிலோமீட்டர் சைக்கிளில் போக வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. மூன்று வருடமாக அதற்குத் திட்டம் போட்டார். விடுமுறை கிடைத்தால் அந்தப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, நடந்தே பார்ப்பார். மேடு எங்கே, நிழல் எங்கே, பஞ்சர் கடைக்காரர் எத்தனை மணிக்குக் கடையைத் திறப்பார் என்பதுவரை நோட்டில் ஏறியது. துணைக்கு ஆள் வேண்டுமே என்று மைத்துனியின் கணவரைக் கூப்பிட்டதுதான் அவர் செய்த தப்பு.

சின்னவர் ஏ.சி. மெக்கானிக். மாடி மாடியாக ஏறி இறங்கியே காலை இரும்பாக்கி வைத்திருந்தார். முதல் நாள் பயிற்சியில் பெரியவர் நாக்குத் தள்ள மேம்பாலம் ஏறிக்கொண்டிருக்க, இவர் பக்கத்திலேயே விசிலடித்துக்கொண்டு வந்தார்.

"அண்ணே, மூச்சு வாங்குது, பேசாதீங்க. நான் பேசுறேன், நீங்க கேட்டுக்கிட்டே வாங்க."

அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பைத்தான் பெரியவரால் தாங்க முடியவில்லை. திமிராகச் சொல்லியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போது பெரியவரின் முழங்கால் வீங்கியது. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "சமதரையில ஓட்டுங்க, வேணாங்கல. மலைய மட்டும் மறந்துடுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் இந்தப் பேச்சு வந்தது. மாமியார் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "அதனால என்ன? சின்ன மாப்பிள்ளை போயிட்டு வரட்டும். பெரிய மாப்பிள்ளை அந்த நோட்ட குடுத்தாப் போச்சு."

மூன்று வருட உழைப்பு 'அந்த நோட்டு' ஆகிவிட்டது. பெரியவருக்கு வயிறு எரிந்தது. வாய் மட்டும், "அதுக்கென்ன அத்தை, நல்லா எழுதியே குடுத்துடறேன்" என்றது.

மறுநாள் டிப்போவில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து நல்ல பிரதி எழுதினார். மூன்றாம் நாள் பக்கம் வந்தது. மொத்தப் பயணத்திலும் கொடுமையான நாள் அது. இருபத்திரண்டு கிலோமீட்டர் ஏற்றம், ஒரு கடை கிடையாது. ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் என்று நோட்டில் இருந்தது. அதற்குக் கீழே: 'பதினோராவது கிலோமீட்டர். சாலைப் பணியாளர் கொட்டகைக்குப் பின்னால் குழாய். ரோட்டிலிருந்து தெரியாது. நல்ல தண்ணீர்.'

இரண்டு பாட்டில் என்பதை எழுதினார். குழாயை எழுதவில்லை.

பொய் சொல்லவில்லையே, சொல்லாமல்தானே விட்டோம் என்று தனக்குத்தானே நியாயம் பேசிக்கொண்டார். உயிரா போய்விடும்? போகிற லாரியை நிறுத்தி, சைக்கிளை மேலே போட்டுக்கொண்டு, தொங்கிய முகத்தோடு திரும்பி வரட்டும். விசில் வருகிறதா பார்ப்போம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அன்றைக்குச் சாப்பாட்டை ருசித்துச் சாப்பிட்டார்.

பிரதியைக் கொடுத்துப் பத்து நாள் ஆகியிருக்கும். மனைவி ஆஸ்பத்திரி சலவைப் பிரிவிலிருந்து வந்ததும் வராததுமாக, "என்னங்க, எனக்கு லீவு குடுத்துட்டாங்க. நானும் நம்ம சின்ன மாப்பிள்ளைத் தம்பியோட போறேன்" என்றாள்.

"எங்க?"

"மலைக்குத்தான். தங்கச்சி பஸ்ல வந்து தங்குற எடத்துல எங்களோட சேந்துக்குவா."

"உனக்கு என்ன சைக்கிள் தெரியும்?"

"பதினோரு வருஷமா தினம் ஒம்பது கிலோமீட்டர் போக, ஒம்பது கிலோமீட்டர் வர. அதுல என்ன ஓட்டுறேன்னு நெனச்சீங்க, பல்லக்கா?"

பெரியவருக்கு முதலில் வந்தது பயமில்லை, பொறாமைதான். இவளுமா? தன் மலையைத் தன்னைத் தவிர ஊரே ஏறிவிடும் போலிருக்கிறதே! அன்று முழுக்க மனைவியிடம் சரியாகப் பேசவில்லை. குழாய் ஞாபகம் வந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டார். நாளை என்பது நான்கு நாள் ஆனது.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலை அவள் கட்டில்மேல் சாமான்களைப் பரப்பிப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். "நாலு பாட்டில் எடுத்துக்கலாமான்னு தம்பியக் கேட்டேன். அண்ணன் ரெண்டுன்னு போட்டா ரெண்டுதான், ஒரு சொட்டு கூடவும் வேணாம் குறையவும் வேணாம்னு சொல்லிட்டாரு."

பெரியவர், "பதினோராவது கிலோமீட்டர்ல ஒரு குழாய் இருக்கு. கொட்டகைக்குப் பின்னால" என்றார்.

"திட்டத்துல இல்லையே."

"விட்டுப்போச்சு."

அவள் கை நின்றது. டிப்போவில் அரை நிமிடத்தை விடாத மனிதரை அவள் இருபது வருடமாகப் பார்க்கிறாள். "நான் போகலன்னா இத சொல்லியிருப்பீங்களா?"

அவள் போனை எடுத்துத் தங்கை வீட்டு எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து அவர் முன்னால் நீட்டினாள். "நீங்களே சொல்லுங்க."

"தம்பி, மூணாம் நாள் ஏத்தத்துல, கொட்டகைக்குப் பின்னால ஒரு குழாய்..."

"பாத்தேண்ணே!" என்றார் சின்னவர் உற்சாகமாக. "போன வாரம் ஸ்கூட்டர்ல வழி பாக்கப் போனப்ப ஒதுங்கலாம்னு அந்தப் பக்கம் போனேன். தண்ணி ஜோராக் கொட்டுது. நல்ல தாகம் வேற. ஆனா உங்க திட்டத்துல அது இல்லையே. அண்ணன் பாக்காம விட்டிருக்க மாட்டாரு, குடிக்கக் கூடாத தண்ணியாத்தான் இருக்கும்னு கையக்கூட நனைக்காம வந்துட்டேன். அக்காகிட்டயும் சொல்லி வைக்கணும்னு நெனச்சேன், அந்தக் குழாய்கிட்ட போயிடாதீங்கன்னு."

பெரியவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். காலுக்கும் மூச்சுக்கும் இவ்வளவு நாள் பொறாமைப்பட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை. இப்படி ஒருவரை நம்ப இவனால் முடிகிறதே என்று இப்போதுதான் அவருக்கு உண்மையாகவே வயிறு எரிந்தது.

"அண்ணே? கேக்குதா? குடிக்கலாமா, கூடாதா?"

மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குடிக்கலாம்பா" என்றார். "நான்தான் வேணும்னே எழுதல."