எவலின் எழுதிய பதினான்காம் கேள்வி

காட்டுப்பன்றி முடிந்து அடையாளக் கார்டு தொடங்கியபோது மணி பதினொன்றேகால். சட்டத் திருத்தங்களைப் பார்க்கும் அந்த நாடாளுமன்றக் குழு, ஒரே காலையில் இரண்டு விசாரணைகளை முடித்துவிடப் பார்த்தது. ஒன்று வேட்டை விதிகள். இன்னொன்று, கார்டில் பாலினத்தை மாற்றிக்கொள்ள வழி செய்யும் சட்டம். இரண்டுக்கும் கேள்விகளை எழுதியவள் எவலின், கேட்பவர் அவள் வேலை செய்யும் எம்.பி., எல்லோரும் 'ஒய்.பி.' என்று மரியாதையாக அழைக்கும் பரமேஸ்வரன். அவள் எழுதிக் கொடுத்ததை அவர் அப்படியே வாசிப்பார். காற்புள்ளி வந்தால் மூச்சு விடுவார். அதனால் எவலின் காற்புள்ளிகளைக்கூடப் பார்த்துப் பார்த்துத்தான் போடுவாள். நான்கு வருடமாக அவருடைய வாய் அவள் கையில் இருக்கிறது என்று அவருடைய தொகுதிச் சேவை மையத்தில் கேலி செய்வார்கள். அதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

வேட்டைக்குச் சாட்சி சொல்ல ஜெஞ்சாரோமிலிருந்து வந்திருந்தவர் சபாபதி. அறுபத்திரண்டு வயது, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. செம்பனைக் கன்றுகளைப் பன்றிகள் குருத்தோடு பிடுங்கித் தின்னும் கதையையும், துப்பாக்கி லைசென்ஸ் புதுப்பிக்க இலாகா இலாகாவாக அலையும் கதையையும் தாளைப் பார்க்காமலே சொல்லி முடித்தார். உறுப்பினர்கள் இரண்டு இடத்தில் சிரித்தார்கள். முடிந்ததும் அவர் கிளம்பியிருப்பார். "நாசி லெமாக் வருது அங்கிள், சாப்ட்டுட்டுப் போலாம்லா" என்று இருக்கச் சொன்னவள் எவலின். காலையில் இரண்டு பஸ் மாறி வந்த மனிதரை வெறும் வயிற்றோடு அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. அவர் ஒய்.பி.க்குப் பின்னால் மூன்றாவது வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒய்.பி. பதிவு இலாகா அதிகாரிகளைப் பார்த்துப் பதினான்காம் கேள்வியை மலாயில் வாசித்தார். "எனக்கு ஒருவரைத் தெரியும். வேட்டைக்காரர் வீட்டுப் பிள்ளை. வருடத்தின் முதல் பன்றி விழுந்ததும், முனீஸ்வரன் கோயில் வாசலில் ஈரலைச் சுட்டு, அப்பா இடது கையால் ஊட்டிவிடுவாராம். 'அந்த ஈரலைத் தின்ற அதே பிள்ளைதான் நான், கார்டில் இருக்கும் ஆள்தான் வேறு' என்கிறார் இன்று பெண்ணாக வாழும் அவர். பேங்கிலும் கிளினிக்கிலும் இவர் யார் என்று உங்கள் இலாகா சொல்கிறது?"

மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி சாய்ந்து விழுந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் பிரிக்பீல்ட்ஸ் சேவை மையத்துக்கு மலர் வந்திருந்தாள். போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் வேலை, இருபத்தெட்டு வயது. கார்டைக் காட்டும்போது பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டாள். மீசை வைத்த முகமும், ஆணுக்குரிய ஒற்றைப்படையில் முடியும் எண்ணும் மட்டும் தெரிந்தன. "ஆறு வருஷமா வீட்டுப் பக்கம் போகல கா. விஷயத்த சொன்ன அன்னிக்கு எங்கப்பா துப்பாக்கிய எடுத்துட்டு எழுந்தாரு. ஓடி வந்துட்டேன். நான் இருக்கேன்னே அவருக்குத் தெரியக்கூடாது." மாதா மேல் சத்தியம் என்றாள் எவலின். சொன்னபடியே கேள்வியிலிருந்து வயதை நீக்கினாள், போர்ட் கிள்ளானை நீக்கினாள், கிடங்கை நீக்கினாள். ஈரல் வரியை மட்டும் விட்டுவைத்தாள். அதை அழிக்க அவளுக்குக் கை வரவில்லை, அவ்வளவு நல்ல வரி. இடது கை என்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. வேட்டைக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டாள். அவள் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த கத்தோலிக்கப் பெண். அவளுக்கு முனீஸ்வரனையும் தெரியாது, பன்றி வேட்டையும் தெரியாது. யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

காவலர் வருவதற்குள் எவலின் சபாபதியின் முழங்கையைப் பிடித்து வராந்தாவுக்குக் கூட்டி வந்துவிட்டாள்.  

"அது என் புள்ள" என்றார்.

"இல்ல அங்கிள், எத்தனையோ வீட்டுல இந்த மாதிரி..."

"எடது கையில எவன்மா ஊட்டுவான்? கொன்ன கையால புள்ளைக்கு ஊட்டக் கூடாதுன்னு நானா வச்சிக்கிட்ட பழக்கம். என் பொண்டாட்டியே திட்டுவா. ஊர்ல வேற எவனும் செய்ய மாட்டான்."

எவலினுக்குப் புரிந்துவிட்டது. ஒரு பிள்ளையின் ஊரையும் வயதையும் மறைத்துவிட்டு, முகவரியைவிடத் துல்லியமான ஒன்றை நாடு முழுக்கக் கேட்கும்படி வாசிக்க வைத்திருக்கிறாள். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. விசாரணையின் நேரலையை மலர் பார்த்துக்கொண்டிருப்பாள் என்பதே அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எடுத்துப் பார்த்தாள். 'பின்னாடி வெள்ளச் சட்ட. அது எங்கப்பா. ஏன் கா?' அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"பேரு வேணாம், எடம் வேணாம்" என்றார் சபாபதி. "உசுரோட இருக்கா? அத மட்டும் சொல்லு. தேடாத எடமில்ல. போன தை அமாவாசைக்கு மோரிப் கடல்ல எள்ளும் தண்ணியும் விட்டுட்டேன் மா. உசுரோட இருக்கற புள்ளைக்கு."

இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் சத்தியம் போயிற்று. சொல்லாவிட்டால் இந்த மனிதர் இங்கேயே விழுந்துவிடுவார் போலிருந்தது.  

அப்போது போன் அடித்தது. திரையில் மலர். எவலினின் விரல் பச்சையைத் தொட்டது. ஏன் தொட்டாள் என்று பிறகு அவளாலேயே சொல்ல முடியவில்லை. காதுக்குக் கொண்டுபோகவில்லை, இடுப்பருகே அப்படியே பிடித்திருந்தாள். இது உதவியா, இரண்டாவது துரோகமா?

"அன்னிக்கு என்னதான் நடந்துச்சு அங்கிள்?" என்று கேட்டாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"தொடச்சிக்கிட்டு இருந்தேன், துப்பாக்கிய. வந்து நின்னு சொல்லிச்சு. எனக்குக் கை காலெல்லாம் ஓடல. கையில அத வச்சிக்கிட்டு என்னத்த பேசறது? உள்ள கொண்டுபோய்ப் பூட்டலாம்னு எழுந்தேன். பூட்டிட்டு வந்து பாக்கறேன், வாசல்ல செருப்பு மட்டும் கெடக்கு."

"பூட்டத்தான் எழுந்தீங்களா?"

  அறைக்குள்ளே ஒய்.பி. பதினைந்தாம் கேள்வியை வாசிப்பது கதவு வழியாகக் கேட்டது.

"அப்படித்தான் எனக்கே சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றார். "ஆறு வருஷமா."

பிறகுதான் அவர் அவள் கையைப் பார்த்தார். வெளிச்சமாக இருந்த திரையை, அதில் ஏறிக்கொண்டிருந்த நொடிகளை. அதில் இருந்த பெயர் அவருக்குத் தெரியாத பெயர், ஆனால் யாருடையது என்று புரிந்துவிட்டது. அவர் கை நீட்டவில்லை, கூப்பிடவில்லை. வாயை மெல்ல மூடிக்கொண்டார். வராந்தாவின் நடுவில், காட்டில் காத்து நிற்பவரைப்போல, ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக, மூச்சுச் சத்தம்கூட வெளியே வராமல் நின்றார். பளிங்குத் தரையில் அவருடைய சப்பாத்து ஓர் அங்குலம் அசையவில்லை. திரையில் இரண்டு நிமிடம் நாற்பது ஆனது. நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. மறுமுனையில் யாரும் இணைப்பைத் துண்டிக்கவில்லை.