கேட்காமல் அள்ளிய விரிப்புகள்

ஓட்டல் சலவைக்கூடத்தில் அவளுக்கு 'ரேடியோ' என்று பட்டப்பெயர். சேர்ந்த அன்றைக்கே வைத்துவிட்டார்கள். அவள் மலைப்பக்கத்துக்காரி. அங்கே எதிரே வருகிறவரை நிறுத்தி உடம்பு, பிள்ளை, மாமியார் எல்லாம் விசாரிக்காமல் போனால் மரியாதை தெரியாதவள் என்பார்கள். இந்தக் கடற்கரை நகரத்திலோ யாரும் யாரையும் ஒன்றும் கேட்பதில்லை. ஒரு தலையாட்டலோடு சரி.

அவள் புருஷனுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்தது. காலையில் ஆஸ்பத்திரி, பிறகு வேலை, மறுபடியும் ஆஸ்பத்திரி. விஷயம் எல்லாருக்கும் தெரியும். சூப்பர்வைசரிடம் அவள் அழுதது கூடம் முழுக்கக் கேட்டது. ஆனாலும் 'எப்படி இருக்கிறார்?' என்று ஒரு வாயும் கேட்கவில்லை. கல்நெஞ்சுக்காரர்கள் என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தாள். திட்டுவதிலும் அவள் சிக்கனம் பார்ப்பவள் இல்லை.

அதுகூடப் போகட்டும். அவள் மடிக்க வேண்டிய படுக்கை விரிப்புகள் மேசையிலிருந்து குறைய ஆரம்பித்தன. ஒருநாள் பார்த்தால், பக்கத்து மேசை இஸ்திரி அக்கா அவற்றை அள்ளிக்கொண்டு போகிறாள், ஒரு வார்த்தை சொல்லாமல். அவள் ஊர்ப் பக்கத்தில், ஒருத்தி கையிலிருக்கும் வேலையைக் கேட்காமல் எடுத்தால் 'நீ லாயக்கில்லை, கிளம்பு' என்று அர்த்தம். புருஷன் எழுந்து நடக்கும்வரை குடும்பத்துக்கு இந்த ஒரு சம்பளம்தான்.

ஆனால் ரோஷம் யாரை விட்டது? துரத்துவதற்குள் நாமே போய்விடலாம் என்று ஏப்ரனைக் கழற்றி சூப்பர்வைசர் முன்னால் வைத்தாள். விரிப்பு சமாச்சாரத்தையும், யாரும் ஒரு வார்த்தை விசாரிக்காததையும் கொட்டினாள். மனிதர் திருதிருவென்று விழித்தார்.

"யாரும்மா உன்னைப் போகச் சொன்னது? நீ சீக்கிரமா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும்னுதான் எல்லாரும் உன் வேலையையும் சேர்த்து முடிக்கிறாங்க. கஷ்டத்துல இருக்கிறவங்களைக் கேள்வி கேட்டுக் குடையக் கூடாது. எங்க பக்கம் அதுதான் மரியாதை."

ரேடியோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாருமா? யாரை எல்லாம் திட்டினோமோ அத்தனை பேருமா? அவமானமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஏப்ரனை மறுபடி கட்டிக்கொண்டு ஓடினாள். மேசை மேசையாகப் போய் ஒவ்வொருவர் கையையும் பிடித்து, நல்லா இருக்கணும் என்று வாழ்த்தினாள். பாவம், அவர்கள் கூச்சத்தில் நெளிந்தார்கள். ஒருவர் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷினைக் குனிந்து பரிசோதிக்கத் தொடங்கினார். இஸ்திரி அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அக்கா சலவைக்கூடத்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சூப்பர்வைசர் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். யாரையும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாதவள், அடுத்தவர் வீட்டு ஜன்னலை எட்டிப் பார்த்து மாட்டிக்கொண்டவள்போல முகம் சிவந்து, மெதுவாகக் கேட்டாள்.

"உன் வீட்டுக்காரரு... ராத்திரி தூங்கினாரா?"

"தூங்கினாருக்கா. நல்லாத் தூங்கினாரு." சொல்லும்போதே அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அக்கா பயந்துவிட்டாள். "ஐயோ, நான் கேட்டதுக்கா அழுறே?"

"நீங்க கேட்டதுக்குத்தான்க்கா."