சாம்பிள் பைக்கு வாங்கிய கிளிப்

அந்தக் காரின் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எங்கள் ஊரில் பஸ் என்றுதான் நினைப்பார்கள். பெங்களூர் போகிற ஏசி பஸ். வாங்கி வந்த புதிதில் பங்காளி ஒருவர் கல்யாண மண்டபத்தில் பத்துப் பேர் நடுவில், "ஏனுங்க கதிர்வேலு, பஸ்ஸுக்காரங்கிட்டப் போயி காரு வாங்கியிருக்கறீங்களாமா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. இலையில் சோறு ஆறினால் ஆறட்டும் என்று அந்தக் கம்பெனியின் வரலாறு முழுவதையும் அவருக்குச் சொல்லிவிட்டுத்தான் கை கழுவினேன். அவர் ரசத்தோடு எழுந்துவிட்டார்.

வரலாறு ஒன்றும் பெரிதில்லை. 1927-இல் ஸ்வீடனில் இரண்டு பேர் தொடங்கிய கம்பெனி. காருக்குள் உட்காருவது மனுசன், அவன் உயிரோடு வீடு போய்ச் சேரவேண்டும், மற்றதெல்லாம் அப்புறம் என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொண்டவர்கள். 1958-இல் ஓர் இன்ஜினியரைக் கூட்டி வந்தார்கள். அதுவரை அவர் விமானியைத் தூக்கி வெளியே எறிகிற இருக்கை செய்துகொண்டிருந்தவர். அடுத்த வருஷமே அவர்தான் தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே வந்து ஒரே கையில் மாட்டுகிற பெல்ட்டைச் செய்தார். கம்பெனி அதைப் பொத்தி வைத்துக்கொள்ளவில்லை. எவன் வேண்டுமானாலும் செய்து மாட்டிக்கொள்ளட்டும் என்று உலகத்துக்கே விட்டுவிட்டது. "உங்க மாருதியில தொங்குதுங்களே, அதும் அவன் குடுத்த பெல்ட்டுதானுங்க" என்று நான் முடிக்கும்போது கேட்கிறவர்கள் ஒரு நிமிடமாவது வாயடைத்துப் போவார்கள். அந்த ஒரு நிமிடத்துக்காகவே நூறு தடவை சொல்லியிருப்பேன்.

எனக்கு இது தெரிந்தது அங்கே போனபோதுதான். திருப்பூரில் எங்கள் யூனிட்டில் குழந்தைகள் உடுப்புத் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். அதை வாங்குகிற பையர் இருக்கிற ஊர் ஸ்வீடனில் போரோஸ். அதுவும் துணி ஊர்தான். அந்த ஆள் தன் காரில் என்னை ஏற்றிக்கொண்டு சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தார். நான் வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னத்துக்கு உட்கார்ந்திருக்கிறான் மனுசன் என்று திரும்பினால், என் தோளுக்கு மேல் கையைக் காட்டினார். மாட்டினேன். கார் நகர்ந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், என் பெண்டாட்டி பிள்ளை உட்காருவது இந்தக் காரில்தான் என்று.

வாங்கியபோது தேஜஸ்ரீக்குப் பதினாலு வயது. ஒரே மகள். என் கதையை என்னைவிட நன்றாகச் சொல்லுவாள், வருஷத்தை மாற்றிச் சொன்னால் திருத்துவாள். கார் கிளம்பும் முன் பின்னாலிருந்து "அப்பா, பெல்ட்டுங்க" என்று குரல் வரும். நான் ஏற்கனவே மாட்டியிருப்பேன், ஆனாலும் வரும். அது கேட்டால்தான் எனக்கும் வண்டி எடுக்கத் தோன்றும்.

ஆனால் திருப்பூரில் அந்தக் காரை வைத்துக்கொண்டு மாரடிப்பது லேசில்லை. குறுக்கே ஆடு வந்தால் தானாக பிரேக் பிடிக்கும். மண்ணரைச் சந்துக்குள் விட்டால் வலது பக்கம் ஆட்டோ, இடது பக்கம் பனியன் மூட்டை கட்டிய வண்டி என்று நிறுத்தாமல் கூப்பாடு போடும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது ஒன்றே ஒன்று.

சாம்பிள் பை. அப்ரூவலுக்குப் போகிற பீஸ், துணிக் கட்டிங், கலர் அட்டை எல்லாம் அடைத்து ஏழெட்டுக் கிலோ இருக்கும். பனியன் கம்பெனிக்காரன் காரில் முன் இடது இருக்கை அந்தப் பைக்குத்தான். எந்தக் கம்பெனி வாசலில் போய்ப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும். கார் அதை ஆள் என்று நினைத்துக்கொண்டு பெல்ட் போடு, பெல்ட் போடு என்று மணி அடிக்கும். "அது மனுசனில்லடா, பனியன்டா" என்று ஸ்டியரிங்கைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன். "பைக்கே பெல்ட்ட மாட்டி உட்டர்லாமுங்களே" என்றாள் என் மனைவி சித்ரகலா. ஒரு நாளைக்கு இருபது தடவை பையை எடுத்து வைக்கிறவனுக்கு அது ஒரு யோசனையா என்று அவளிடமும் எரிந்து விழுந்தேன்.

அப்புறம் ஒரு சீட் கவர் கடையில் அந்தக் கிளிப் கிடைத்தது. பெல்ட்டின் நுனியில் இருக்கிற இரும்பு நாக்கு மட்டும் தனியாக. மேலே கறுப்பு ரப்பர். அதைப் பூட்டில் செருகிவிட்டால் கார் வாயை மூடிக்கொள்ளும். செருகினேன். ஆஹா, என்ன நிம்மதி என்று அன்றைக்குச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. தேஜஸ்ரீ அப்போது கோயம்புத்தூரில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாள். அவள் வருகிற நாளில் மட்டும் கழற்றி டேஷ்போர்டுக்குள் போட்டுவிடுவேன். பார்த்தால் சும்மா விடமாட்டாள்.

தை மாதம் வெள்ளகோவிலில் என் தங்கை மகள் பெரியவளானதற்குச் சீர். நான் தாய்மாமன். நான் கொண்டுபோகிற தட்டு இறங்காமல் அங்கே ஒன்றும் நடக்காது. இருபத்தொரு தட்டு. பின் இருக்கையில் பழம், தேங்காய், பலகாரம் என்று ஏறி உட்கார்ந்துவிட்டது. டிக்கியிலும் இடமில்லை. மகளுக்குப் பரீட்சை, வரவில்லை. ஆறு வருஷமாகப் பின்னாலேயே உட்கார்ந்து வந்த சித்ரகலா அன்றைக்குத்தான் முன்னால் ஏறினாள். பை வீட்டில் இருந்தது. கிளிப் பூட்டில் இருந்தது.

"ஏனுங்க, இதக் கொஞ்சம் கழட்டிக் குடுங்க. பெல்ட்டு மாட்டோணும்" என்றாள். இடது கையால் ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். இறுகிக் கிடந்தது. பொத்தானை அமுக்கிக்கொண்டே இழுத்தால் வந்திருக்கும். தங்கை அதற்குள் மூன்று முறை போன் அடித்துவிட்டாள், நல்ல நேரம் முடியப்போகிறதாம். "இங்கிருக்கற வெள்ளகோயலுக்கு என்னத்துக்குப் பெல்ட்டு? இந்தக் காருல உக்காந்தா ஒண்ணும் ஆவாது, உடு" என்றேன்.

"செரிங்க" என்றாள். பிள்ளைக்கு எடுத்த பட்டுப்புடவைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். காங்கயம் வரைக்கும் பூ பத்தாது, இன்னும் நாலு முழம் வாங்கியிருக்கலாம் என்று அதையே பேசிக்கொண்டு வந்தாள்.

காங்கயம் தாண்டி வலது பக்கச் சந்திலிருந்து ஒரு மொபெட் குறுக்கே வந்தது. நான் இடது பக்கம் ஒடித்தேன். அங்கே போர்வெல் லாரி நின்றிருந்தது. எனக்கு முன்னால் காரே பிரேக் பிடித்தது, அதைக் காலில் உணர்ந்தேன். ஸ்டியரிங்கிலிருந்து காற்றுப் பலூன் வெடித்தது. பெல்ட் என்னை இருக்கையோடு சேர்த்து இழுத்துப் பிடித்தது. கார் தன் வேலை எல்லாவற்றையும் செய்தது.

எனக்கு மூச்சு வந்ததும் நான் முதலில் அவளைத் தொடவில்லை. குனிந்து பொத்தானை அமுக்கி அந்தக் கிளிப்பைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டேன். அப்புறம்தான் "சித்ரா" என்று கூப்பிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. கை தானாகச் செய்தது. த்தூ, அந்தக் கை. அப்போது கிளிப் சுலபமாக வந்துவிட்டது.

காரியமெல்லாம் முடிந்தது. வந்தவர்கள் போனார்கள். எனக்கு அழுகை வரவில்லை. வலது தோளிலிருந்து இடுப்பு வரை பெல்ட்டின் தடம் கறுப்பாக இருந்தது. தினமும் குளித்துவிட்டுக் கண்ணாடியில் அதைப் பார்ப்பேன். கறுப்பு பச்சையானது, பச்சை மஞ்சளானது. மூன்றாவது வாரம் ஒன்றுமே இல்லை. யூனிட்டுக்குப் போனேன். ஷிப்மென்ட் அனுப்பினேன். சட்டை மாற்றும்போதெல்லாம் கிளிப்பையும் பை மாற்றிப் போட்டுக்கொண்டேன். சாப்பாட்டில் உப்பில்லை என்று சமையல்காரம்மா சொன்னால்தான் எனக்குத் தெரியும்.

தேஜஸ்ரீதான் அடங்கவில்லை. ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு வந்துவிட்டாள். பரீட்சையும் எழுதவில்லை. கார் கம்பெனிக்கு மெயில் போட்டாள். கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டரில் காரின் கம்ப்யூட்டரைப் படித்து ஒரு காகிதம் கொடுத்தார்கள். அதில் முன் இடது இருக்கை பெல்ட் மாட்டியிருந்தது என்று இருந்தது. அந்த வரியை மஞ்சள் மையால் கோடிட்டு என்னிடம் நீட்டினாள்.

"பாருங்கப்பா. அம்மா பெல்ட்டு போட்டிருந்தாங்க. போட்டும் போயிட்டாங்க. அறுபது வருசமா ஊர ஏமாத்திட்டிருக்கறானுங்க. நான் உடமாட்டேன்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கிளிப் என் பையில் கிடக்கிறது, அவள் ஒரு கை தூரத்தில் நிற்கிறாள். "செரி கண்ணு" என்றேன். சொன்னால் அவளும் போய்விடுவாள். எனக்கு மிச்சம் இருந்தது அவள் மட்டும்தான். அதனால் இரண்டு மாதம் அவள் ஸ்வீடனுக்கு எழுதுவதையும், தூங்காமல் பழைய விபத்துகளைப் படிப்பதையும், ஆள் பாதியாவதையும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

போன வியாழக்கிழமை காலை காரை நேரில் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள்தான் யூனிட்டின் சின்னக் காரை ஓட்டினாள். நான் அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. கிளம்பும் முன் "அப்பா, பெல்ட்டுங்க" என்றாள். மாட்டினேன்.

சர்வீஸ் சென்டரின் பின்பக்க ஷெட்டில் கார் நின்றது. ஜெபக்குமார் என்கிற இன்ஜினியர் வந்தார். தெற்கே நாசரேத் பக்கம் சொந்த ஊர், அப்பா அம்மா மண்ணரையில் டெய்லர்களாக இருந்து படிக்க வைத்தார்களாம். அமைதியான ஆள். முதலில் என் இருக்கையைக் காட்டினார். என் பெல்ட் நீளமாக வெளியே தொங்கிக்கொண்டிருந்தது, உள்ளே போகவில்லை.

"இடிச்ச உடனே பெல்ட்டு இறுக்கிப் பிடிச்சு அப்படியே பூட்டிக்கிடும். எந்த நெலமையில இருந்துச்சோ அந்த நெலமையிலதான் இருக்கும்" என்றார். பிறகு இந்தப் பக்கம் வந்தார். சித்ரகலாவின் பெல்ட் கதவுத் தூணோடு தூணாகச் சுருண்டு கிடந்தது. மடிப்பில்லை, தேய்ப்பில்லை. இழுத்துக் காட்டினார், வரவில்லை. "இது வெளியவே வரல, பாத்துக்கிடுங்க."

"கம்ப்யூட்டர்ல மாட்டியிருந்துச்சுன்னு இருக்குதுங்களே. அப்ப எது பொய்?" என்றாள் தேஜஸ்ரீ. மஞ்சள் கோடிட்ட காகிதத்தை அவர் முன்னால் நீட்டினாள்.

"ரெண்டுமே பொய்யில்லம்மா. பெல்ட்டு வரல. ஆனா பூட்டுக்குள்ள ஏதோ ஒரு இரும்பு இருந்திருக்கு." அவர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "சார், கிளிப்பு ஏதாச்சும் போட்டிருந்தீங்களா?"

எனக்கு முன்னால் மகள் பாய்ந்தாள். "எங்கப்பாவா? யாரப் பாத்து என்ன கேக்கறீங்க? மண்டபம் மண்டபமா நின்னு பெல்ட்டு கதை சொன்ன மனுசனுங்க அவரு! எம்பட அப்பனத் தெரியாம பேசாதீங்க!"

சட்டைப் பையில் கை விட்டேன். எடுத்து, அவள் கையிலிருந்த காகிதத்தின் மேல் வைத்தேன்.

"நாந்தான் கண்ணு. சாம்பிள் பைக்காகப் போட்டது."

அவள் கிளிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபக்குமார் போன் வந்ததுபோல நகர்ந்து போய்விட்டார். ஷெட்டுக்கு வெளியே ஒருவன் கார் கழுவிக்கொண்டிருந்தான்.

"அம்மா கழட்டச் சொன்னாங்களாப்பா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மறுத்துச் சொல்ல ஆளில்லை. காரில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான், மடியில் ஒரு தட்டு. அவளே வேண்டாம் என்றாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் மகள் எனக்கு மிஞ்சுவாள். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் "செரிங்க" என்று அவள் சொன்ன குரல் காதில் இருந்தது.

"சொன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

சொன்னதைச் சொன்னேன். வெள்ளகோவிலையும், இந்தக் காரில் உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது என்றதையும், ஒரு வார்த்தை விடாமல். அவள் அழவில்லை. காகிதத்தை மடித்துக் கிளிப்பை அதற்குள் வைத்துக் கைப்பையில் போட்டாள். ஜெபக்குமாரிடம் போய் "மன்னிச்சுக்குங்க சார்" என்றாள். காருக்கு நடந்தாள்.

நானும் போய் ஏறினேன். அவள் பெல்ட்டை மாட்டி, கண்ணாடியைச் சரிசெய்து வண்டியை எடுத்தாள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவிநாசி ரோட்டில் ஏறியதும் மணி அடிக்க ஆரம்பித்தது. என் இருக்கைக்குத்தான். டிங், டிங் என்று விடாமல் அடித்தது. அவளுக்கும் கேட்டது, சிக்னலில் அவள் கை கியரில் அப்படியே நின்றது. சொல்லுவாள் என்று காத்திருந்தேன். சொன்னால் மாட்டிக்கொள்ளலாம். கொஞ்ச நேரம் கத்திவிட்டு மணி தானாக ஓய்ந்தது.

அவள் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டு வந்தாள். திருப்பூர் வந்து வீட்டு வாசலில் இறங்குகிற வரைக்கும் அவள் சொல்லவில்லை.