வரிக்கு விற்ற செவலை

துறைமங்கலத்தில் பஞ்சர் கடை வைத்திருந்த முத்துவேல், நகராட்சியில் வரி வசூலிக்கும் ஜானகி தெருமுனையில் தென்பட்டாலே கொல்லைப்புறமாக நழுவிவிடுவான். வீட்டு வரி மூன்று வருடமாகப் பாக்கி. கடையில் வேலை குறைந்துபோனதுதான் காரணம். அதை வாய்விட்டுச் சொல்ல அவனுக்குக் கூச்சம்.

"அவரு அரியலூரு போயிருக்காருங்க" என்று மனைவி கொளஞ்சியம்மாள்தான் ஒவ்வொரு தடவையும் பொய் சொல்வாள்.

"வந்தா ஆபீசுக்கு ஒரு எட்டு வரச் சொல்லுங்கக்கா. பேசிக்கலாம்" என்பாள் ஜானகி.

அந்தப் 'பேசிக்கலாம்' முத்துவேலின் காதில் மிரட்டலாகவே விழுந்தது.

கடைசியில், குடிநீர்க் குழாயைத் துண்டிக்கப்போவதாக நோட்டீஸ் வந்தது. நாலு பேர் பார்க்க மானம் போய்விடுமே என்று பதறினான். கொளஞ்சியம்மாள் வெங்காயக் காட்டுக்கு வேலைக்குப் போயிருந்த நேரம், நிறைசினையாக நின்ற செவலைப் பசுவை அரியலூர் வியாபாரி ஒருவரிடம் விற்றுவிட்டான். அவசரத்தைத் தெரிந்துகொண்ட வியாபாரி பாதி விலைதான் தந்தார். கன்றாக இருந்தபோதிலிருந்து அவள் வளர்த்த பசு அது. ஈன்றதும் சொசைட்டிக்குப் பால் ஊற்றி மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்டலாம் என்றிருந்தாள்.

அன்று மதியமே நகராட்சி அலுவலகத்தில் பணத்தை நீட்டினான். ஜானகி நிமிர்ந்து பார்த்தாள்.

"மொத்தமாவா கட்டுறீங்க? கடை ஓடலன்னு தெருவுல சொன்னாங்களே. அரையாண்டு அரையாண்டா பிரிச்சுக் கட்டலாம்னு சொல்லத்தாண்ணே நான் அத்தன தடவ வந்தேன்."

"கொழாய வெட்டிருவீங்கன்னு நோட்டீசு..."

"கொஞ்சம் கட்டிட்டு, மீதிக்கு டைம் கேட்டு எழுதிக் குடுத்திருந்தா நானே மேல பேசியிருப்பேனே!"

கட்டிய கையோடு, கடன் வாங்கியாவது பசுவை மீட்டுவிடலாம் என்று அரியலூருக்குப் பஸ் ஏறினான். வியாபாரி உதட்டைப் பிதுக்கினார்.

"வாங்குன கையோட லோடு ஏத்தியாச்சுப்பா. கேரளா போயிருச்சு."

வீடு திரும்பியபோது கொளஞ்சியம்மாள் வெறுங்கட்டுத்தறியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னான். அவள் அழவில்லை.

"எங்கிட்டயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அந்த வருடம் மகள் காலேஜை விட்டுவிட்டு ஜவுளிக்கடை வேலைக்குப் போனாள்.

பிறகொரு நாள், பக்கத்து டீக்கடை செல்லக்கண்ணு பதறிக்கொண்டு வந்தான்.

"அண்ணே, வரிக்காரம்மா வருது. நான் ஊர்ல இல்லன்னு சொல்லிருங்க."

முத்துவேல் அவன் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"கையில காசு இல்லாதது குத்தமில்லடா. அதச் சொல்லாம ஒளியறதுதான் குத்தம். முழுசா முடியலன்னா முடிஞ்சதக் கட்டு, மீதிக்கு என்ன வழின்னு வாயத் தொறந்து கேளு. நான் கேக்கலடா."