இரண்டாம் வாசிப்பு

“வாசிக்காமப் போட்டனான் எண்டு சொல்லாதீங்கோ நிஸாக்கா, நான்…”

“வாசிச்சிருந்தா நாப்பத்திரண்டு பேருக்கும் என்ட புள்ளியே எப்பிடி வரும், பூரணி? ஒண்டு கூடவும் இல்ல, ஒண்டு குறையவும் இல்ல!”

“கத்தாதீங்கோ, பொடியள் வெளியில நிக்கிறாங்கள்.”

“நிக்கட்டும்! அவங்களும் கேக்கட்டும்.”

விரிவுரையாளர் அறைக்கு வெளியே உண்மையில் ஒருவரும் இல்லை. ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று மட்டும் வேலியோரக் குப்பையை முகர்ந்துகொண்டு நின்றது. மேசையில் தோப்பூர் மாணவி அம்ராவின் விடைத்தாள் விரிந்து கிடந்தது. முப்பத்தெட்டுப் புள்ளி. நாற்பது எடுத்தால்தான் பரீட்சையில் சித்தி. மீண்டும் பார்க்கச் சொல்லி அவள் எழுதிக் கேட்ட பிறகுதான், நான்காம் கேள்வியின் மிச்ச விடை மூன்று வெற்றுப் பக்கங்களைத் தாண்டிக் கடைசிப் பக்கத்தில் இருந்தது தெரியவந்தது. முதலில் திருத்திய நஜ்முன் நிஸா அதைக் காணவில்லை. இரண்டாவதாகத் திருத்திய பூரணியும் காணவில்லை.

முதலாமவர் போட்ட புள்ளி இரண்டாமவருக்குத் தெரியக்கூடாது என்பது முறை. ஆனால் இந்த அறையில் பதினொரு வருடமாக இருவருக்கும் ஒரே அலுமாரி, அதைப் பூட்ட ஒரே திறப்பு, அதுவும் சுவர் ஆணியில். நிஸாவின் புள்ளிப் பட்டியல் எப்போதும் மேல் தட்டில் கிடக்கும்.

“என்ர மகன் டெங்குக் காய்ச்சலோட ஆஸ்பத்திரியில கிடந்த கிழமை அது…”

“தெரியும். சூப் கொண்டு வந்தது ஆரு? அப்ப ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா வேற ஆளைப் போட்டிருப்பாங்களே.”

“உங்கட திருத்தத்தில நான் ஒருநாளும் பிழை கண்டதில்லை அக்கா. உங்களை நம்பினது குற்றமோ?”

நிஸா கண்ணாடியைக் கழற்றி முக்காட்டு நுனியில் துடைத்தார். “நானும் ஒங்களை நம்பித்தான் திரும்பிப் பாக்காமக் கெதியாத் திருத்தினனான். எனக்குத் தவறினாலும் பூரணி பிடிப்பா எண்டு.”

துறைமுகத்தில் கோதுமைக் கப்பல் ஊதி ஓய்ந்தது.

“பட்டியலை நான்தான் காட்டினன் எண்டு எழுதித் தாறன்,” என்றார் நிஸா. “பென்சனுக்கு எனக்கு ரெண்டு வருசம்தான். ஒங்களுக்கு அடுத்த மாசம் பதவி உயர்வு நேர்முகம்.”

“என்ர பிழைக்கு நீங்கள் கையெழுத்து வைக்க ஏலாது.”

“திறப்பை ஆணியில கொழுவி வச்சது நான்தானே?”

“விசர்க் கதை கதையாதீங்கோ.”

வாசிக்காமல் புள்ளி போட்டதை ஒப்புக்கொண்டு பூரணி தன் கடிதத்தைத் தானே எழுதினாள். துறைத்தலைவர் குலசிங்கம் அதை இரண்டு முறை வாசித்தார். “இந்த வருசம் உங்களை நேர்முகத்துக்குச் சிபாரிசு செய்ய ஏலாது பிள்ளை,” என்றார். அம்ராவின் தாளை வேறொருவர் திருத்தினார். நாற்பத்தாறு வந்தது. “மிச்சம் நாப்பத்தொண்டையும் வாசிக்காத ஆளே வாசிக்கட்டும், திங்கட்கிழமைக்கிடையில,” என்று குலசிங்கம் விடைத்தாள் கட்டைப் பூரணியின் பக்கம் தள்ளிவிட்டார்.

சனிக்கிழமை காலை. நிஸாவுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு வந்து எதிர்க் கதிரையில் இருந்தார். அலுமாரித் திறப்பு அவருடைய கைப்பைக்குள் இருந்தது. பூரணி ஒவ்வொரு தாளிலும் முதலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டே தொடங்கினாள். பத்தொன்பதாவது தாளில் பேனை நின்றது. முப்பத்தொன்பதா, நாற்பதா? மூன்றாம் விடையைத் திரும்ப வாசித்தாள். இன்னொரு முறையும் வாசித்தாள். பிறகு தலையை நிமிர்த்தினாள். நிஸா இடியப்பத்தைப் பிட்டுச் சொதியில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, இந்தப் பிள்ளைக்கு நீங்கள் எவ்வளவு போட்டனீங்கள்?”