பூசாத சுவர்

சண்முகவேலின் பேச்சுக்கு ஊரில் இருந்த மரியாதை அவருடைய புது வீட்டுக்குக் கிடைக்கவில்லை. அவிநாசிபாளையத்தில் அதைக் கட்டியவள் மூத்த மருமகள் வினிதா, கட்டடக்கலை படித்தவள். மேற்குச் சுவரைப் பூசாமல், செங்கலுக்குச் செங்கல் இடைவெளி விட்டுச் சல்லடை போல எழுப்பியிருந்தாள். போகிறவர் வருகிறவர் எல்லாம், "பனியன் கம்பெனி மொதலாளிக்கே பாதியில காசு தீந்து போச்சாட்ட இருக்குது" என்று சிரித்தார்கள். சண்முகவேல் காதில் விழாதவர் போல நடந்துவிடுவார். ஆனால் விழுந்தது.

இளைய மகன் அருள்குமாருக்குப் பெண் தருவதாக இருந்த உடுமலைப்பேட்டைக்காரர்கள் இன்று வீடு பார்க்க வருகிறார்கள். வீடு மனதுக்குப் பிடித்தால்தான் சம்பந்தம். காலையிலேயே கம்பெனியிலிருந்து வெள்ளைப் பனியன் துணி ரோல் ரோலாக வந்து இறங்கியது. சுவரை உள்ளும் புறமும் மூடி, சுருக்கம் தெரியாமல் இழுத்துக் கட்டச் சொன்னார்.

"மாமா, காத்து வர்றதே அந்த ஓட்டையிலதானுங்க. மூடுனா ஊடு புழுங்கிப் போயிருமுங்க."

"ஒரு நாள் புழுங்குனா யாரும் செத்துப் போயிர மாட்டோம் கண்ணு. மானம் போனா வருமா?"

வினிதா துணியின் ஒரு முனையை எடுத்துப் பிடித்துக் கொடுத்தாள்.

முந்தின நாள் பெய்த கோடை மழையின் ஈரம் மண்ணிலிருந்து ஆவியாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா ஆத்தப்பனும் அம்மா வெள்ளையம்மாளும் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். மின்விசிறி சூட்டையே சுற்றிச் சுற்றி இறைத்தது. ஆத்தப்பனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"ஏனுங்க, பேச்சு எடுக்கறதுக்கு முன்னாலயே எங்கள வேக வெச்சுப் போட்டீங்களே!" என்று அவர் சிரித்தார்.

வெள்ளையம்மாள் சிரிக்கவில்லை. முந்தானையால் விசிறிக்கொண்டே, கணவரிடம் சொல்வது போல எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "இந்தப் புழுக்கத்துல எம்புள்ள எப்படிங்க குடியிருப்பா?"

சண்முகவேலுக்குச் சுருக்கென்றது. வினிதாவைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லி அவள் தப்பித்துக்கொண்டிருக்கலாம். மாமனாரை விட்டுக்கொடுக்காமல் தலை குனிந்து நின்றாள். செய்தது அவர், பழி வீட்டைக் கட்டிய அவள் தலையில். எழுந்து போய்த் தானே முடிச்சை அவிழ்த்தார். உள்பக்கத் துணி சரிந்து விழுந்தது. "வெளிய கட்டுனதையும் எறக்குடா" என்று அருள்குமாரை விரட்டினார்.

காற்று குபுகுபுவென்று உள்ளே வந்தது. கூடவே, அவர் பயந்த கேள்வியும் வந்தது.

"ஏனுங்க, பூச்சு வேல இன்னும் பாக்கிங்களா?" என்றார் ஆத்தப்பன்.

"பாக்கி ஒண்ணும் இல்லீங்க. எங்க ஊடு இப்படித்தான். என்ற மருமக கட்டுனது." முதுகு வளையாமல்தான் சொன்னார். "நீங்க கொறைச்சலா நெனைச்சுப் போடுவீங்கன்னு நாந்தான் மூடி வெச்சேன்."

வெள்ளையம்மாள் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கழுத்து வியர்வையை அந்தக் காற்றில் உலர்த்திக்கொண்டாள். பிறகு வினிதாவிடம், "ஏங்கண்ணு, எலைய இங்கயே போட்டுரலாமா?" என்றாள்.

பெண் கொடுக்க மனமில்லாத வீட்டில் அவர்கள் கை நனைப்பதில்லை.

விரித்த இலையைக் காற்று தூக்கியது. ஆத்தப்பன் இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "சம்பந்தி, அந்தத் தம்ளர எடுத்து மேல வையுங்க, பறக்குது" என்றார்.