படாத அடி

நிகனோரின் தலையில் இருந்த நரி சூப்புக்குள் விழுந்தபோது, ஊரில் பாதிப் பேர் கிண்ணத்தோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

செத்த நரிதான். வைக்கோல் அடைத்துக் காயவைத்தது. ஆண்டிஸ் மலையில் இருக்கும் வைராபாட்டாவில் கிறிஸ்துமஸ் சண்டைக்குப் போகிற ஆண்பிள்ளை, கம்பளி முகமூடிக்கு மேலே ஏதாவது ஒரு செத்த பிராணியைக் கட்டிக்கொண்டு போக வேண்டும். பருந்து கட்டுகிறவர்கள் உண்டு, மான் தலை கட்டுகிறவர்கள் உண்டு. எதிராளி பயப்பட வேண்டும், அவ்வளவுதான். நிகனோரின் நரியைக் கண்டு இதுவரை மிரண்டது அவன் மனைவி லியோகாதியா ஒருத்திதான். அதுவும் நாற்றத்துக்கு.

"கம்பி போட்டுக் கட்டுய்யா" என்று அவள் காலையிலேயே சொன்னாள். அவன் பூட்ஸ் கயிறு போதும் என்றான்.

அந்த வருஷம் விழாவை எடுத்து நடத்தியவள் எர்மினியா. நடத்துகிறவர் வீட்டில்தான் அன்று ஊருக்கே அடுப்பு எரியும். விடியும் முன்பே முற்றத்தில் மூன்று கல் கூட்டி அண்டா ஏற்றியாகிவிட்டது. உள்ளே ஒரு மந்தையின் தலைகள் புதினாவோடும் தோலுரித்த சோளத்தோடும் வெந்துகொண்டிருந்தன. கோயிலில் குழந்தை இயேசுவைக் கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள் முதலில் இந்த ஆட்டுத்தலைச் சூப்பைக் குடிப்பார்கள். அடுத்து, புளிக்கவைத்த சோளச் சிச்சா. அடுத்து, மைதானத்துக்குப் போய் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வார்கள். வருஷம் முழுக்கச் சேர்ந்த கோபத்தை, ஆளைப் பெயர் சொல்லி அழைத்து, கட்டிப்பிடித்து, அடித்து, மறுபடியும் கட்டிப்பிடித்து அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. குஸ்கோ நகரத்திலிருந்து மாற்றலாகி வரும் போலீஸ்காரர்கள் முதல் வருஷம் இதைத் தடுக்கப் பார்ப்பார்கள். அடுத்த வருஷம் அவர்களுக்கே யாரையாவது அடிக்க வேண்டியிருக்கும்.

நிகனோர் அண்டா பக்கம் போனது சூப்புக்காக அல்ல, ஒரு ஜோடி பூட்ஸுக்காக. முகமூடிக்காரர்கள் அடையாளம் தெரியாமலிருக்கக் கீச்சுக்குரலில்தான் பேசுவார்கள். யார் யாரென்று தெரிய வேண்டுமானால் காலைப் பார்த்தால்தான் உண்டு. அவன் தேடுகிற சிரிலோவின் இடது பூட்ஸில் குதிகாலுக்கு டயர் ரப்பர் ஒட்டியிருக்கும். வரிசையில் அந்தக் கால் நிற்கிறதா என்று ஆவிக்கு நடுவே குனிந்து பார்த்தான். கயிறு நழுவியது.

கொதிக்கிற ஆட்டுத்தலைகளுக்கு நடுவில் நரி ஒருமுறை முங்கி எழுந்து, எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தது.

"இதோ எடுத்துடறேன் அக்கா" என்று கீச்சுக்குரலிலேயே சொல்லிக்கொண்டு, நிகனோர் ஒரு விறகுக் கட்டையை உள்ளே விட்டு நெம்பினான். நரி வரவில்லை. அண்டா வந்தது. அடுப்பு சீறி அணைந்தது, நாய்கள் ஊளையிட்டு ஓடின, எர்மினியாவின் புருஷன் சபீனோ வெந்த காலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் முற்றத்தைச் சுற்றி வந்தான்.

எர்மினியா கரண்டியைக் கீழே வைத்தாள். "முகமூடியக் கழட்டு, நிகனோர்."

"நான் நிகனோர் இல்ல" என்றது கீச்சுக்குரல்.

"இந்த ஊர்ல வேற யாருக்குடா இது கைவரும்?"

உண்மையில் அன்றைக்கு அடிபட வேண்டும் என்றுதான் நிகனோர் வீட்டை விட்டுக் கிளம்பியிருந்தான். ஆனால் ஊர் மொத்தத்திடமும் அல்ல, சிரிலோ ஒருத்தனிடம். சிரிலோ அவனுடைய மூத்த மகளுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவில் ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட்டு, ஒரே தோண்டியில் குடித்து, மீசை முளைத்த நாளிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கோபமே இல்லாமல் மற்றவர்கள் சீட்டாடுவதுபோல ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு வந்தவர்கள். அப்படிப்பட்டவன் போன கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பேச்சை நிறுத்தினான்.

ஏன் என்று நிகனோருக்குத் தெரியவில்லை. கடப்பாரையை இரவல் வாங்கி வளைத்துக் கொடுத்ததாக இருக்குமோ என்று புதுக் கடப்பாரை கொண்டுபோய் வாசலில் வைத்தான். மறுநாள் அது அவன் வாசலில் கிடந்தது. சிரிலோவின் மாட்டைப் பற்றிச் செய்த கேலியாக இருக்குமோ என்று மாட்டிடமே மன்னிப்புக் கேட்டான். வழியில் மறித்தும் பார்த்தான்.

"மச்சான், எம்மேல என்ன கோவம்?"

சிரிலோ வானத்தைப் பார்த்தான். "மழ வரும் போல" என்றான். போய்விட்டான். அது ஜூன் மாதம். ஆண்டிஸில் ஜூன் மாதம் மழை வருவதில்லை.

லியோகாதியாவிடம் கேட்டான்.

"ஒனக்குத் தெரியாதா?" என்றாள் அவள்.

"தெரியாது."

"அப்ப அதுதான் காரணமா இருக்கும்."

ஆகவே கிறிஸ்துமஸ் ஒன்றுதான் வழி. சிரிலோ பெயர் சொல்லி அழைத்து நாலு அடி அடித்தானானால் முறைப்படி கட்டிப்பிடித்தாக வேண்டும், வழக்கு தீர்ந்தது. அழைக்காவிட்டால் இன்னும் ஒரு வருஷம் மழையைப் பற்றித்தான் பேச வேண்டும். இன்னொரு வருஷம் அதைத் தாங்க முடியாது என்று நிகனோருக்குத் தெரிந்திருந்தது.

மைதானத்தில் பெண்கள் சண்டைக்கென்றே உள்ள வைலியா பாட்டைக் காது கிழியப் பாடிக்கொண்டிருந்தார்கள். நடுவட்டத்தில் ஏற்கெனவே ரத்தம் சிந்தியிருந்தது. வேலித் தகராறில் அண்ணன் தம்பி இருவர் மோதியதில் தம்பியின் காது பாதி தொங்கியது. அவன் அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அண்ணனைக் கட்டிப்பிடித்தான். சண்டையில் விதி மீறாமல் பார்த்துக்கொள்ளும் சாட்டைக்காரர்கள் கூட்டத்தின் கணுக்காலில் வீசி வட்டத்தை அகலப்படுத்தினார்கள்.

சிரிலோ சுற்றுச்சுவர் மேல் முகமூடிகூட இல்லாமல் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் யாரோ வைத்த சிச்சாக் குவளை. போன வருஷம் அக்டோபரில் அவன் மனைவி அமன்சியா இறந்ததிலிருந்து அவனை யாரும் வட்டத்துக்கு அழைப்பதில்லை. பாவம் என்று குவளையை நிரப்புவார்கள். பாவம் என்று தோளைத் தட்டிவிட்டுப் போவார்கள். போன கிறிஸ்துமஸில் வழக்கம்போல நிகனோர் மட்டும்தான் எதிரே நின்றான். அதுவும் சிரிலோவின் கை கன்னத்துக்குப் பக்கத்தில் வந்ததுமே மல்லாந்து விழுந்துவிட்டான். ஊர் கைதட்டிச் சிரித்தது. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனுக்கு ஒரு ஜெயமாவது கிடைக்கட்டுமே என்று நிகனோர் வேண்டுமென்றே செய்தது. தன் வாழ்நாளில் எதையும் அவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை என்று நிகனோர் அன்றிரவு பெருமைப்பட்டுக்கொண்டான்.

"நிகனோர் கோவா!"

முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டது சிரிலோ அல்ல, சபீனோ. வெந்த காலில் துணி சுற்றியிருந்தது. இருவரும் கட்டிப்பிடித்தார்கள்.

"மன்னிச்சுக்கண்ணே" என்றான் நிகனோர்.

"அப்புறம் மன்னிக்கிறேன்" என்று சபீனோ அவன் வாயில் குத்தினான்.

உதடு பல்லில் கிழிந்தது. இரண்டாவது குத்தில் மூக்கு. நிகனோர் காற்றைப் பலமுறை நன்றாக அடித்தான். ஒருமுறை சாட்டைக்காரரையும் அடித்தான், அதற்குத் தனியாகச் சாட்டை வாங்கினான். விழுந்தவனை அடிக்கக் கூடாது என்ற விதி இல்லாவிட்டால் அவன் எப்போதோ பரலோகம் போயிருப்பான். சபீனோ அவனைத் தூக்கி நிறுத்திக் கட்டிப்பிடித்து, "மன்னிச்சுட்டேன்" என்றான். சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிற மனிதன்.

அடுத்து எர்மினியாவின் தம்பி, சூப்பில்லாமல் வந்த பசியோடு அழைத்தான். அவன் உதைத்த உதையில் நிகனோரின் விலாவில் ஏதோ ஒன்று 'நறுக்'கென்றது. எழுந்து நிற்கும்போதெல்லாம் நிகனோர் சுவர்ப்பக்கம் பார்த்தான். சிரிலோ வேகவைத்த கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தான்.

பிறகு எர்மினியாவே வட்டத்துக்குள் வந்தாள். ஆணை அழைக்க முடியாதென்பதால் அவன் பெண்டாட்டியை அழைத்தாள். லியோகாதியா பாவாடையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். அந்த வீட்டில் சண்டை தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான். ஒரே குத்து. எர்மினியா மூக்கில் ரத்தத்தோடு உட்கார்ந்து, கொஞ்சம் யோசித்து, எழுந்துவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரே குவளையில் சிச்சா குடித்துக்கொண்டு நிகனோரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அவர்கள் முகத்தில் அவ்வளவு ஒற்றுமை இருந்தது.

சாட்டைக்காரர் வட்டத்தைப் பார்த்துக் கூவினார். "வேற யாரும் இருக்கீங்களா? முடிச்சுடலாமா?"

யாரும் வரவில்லை. சிரிலோ சுவரிலிருந்து இறங்கித் தூசி தட்டினான். வீட்டுக்குப் போகப்போகிறான்.

நிகனோர் முகமூடியைக் கழற்றி எறிந்தான். "சிரிலோ தைப்பே" என்று கூப்பிட்டான், கீச்சுக்குரல் இல்லாமல்.

பாட்டு நின்றது.

"பாவம்டா, விட்டுடு" என்று யாரோ சொன்னார்கள்.

"ஒழுங்கா நிக்க முடியல, இவனுக்கு இன்னும் வேணுமாம்" என்றான் எர்மினியாவின் தம்பி.

சிரிலோ வட்டத்துக்குள் வந்தான். முறைப்படி கட்டிப்பிடித்தான். உத்தரத்தைக் கட்டிப்பிடித்ததுபோல இருந்தது. விலகியதும் நெஞ்சில் உதைத்தான், கழுத்தில் குத்தினான். எல்லாம் கனமான அடி. நிகனோருக்கு வலியைவிட நிம்மதி அதிகம். அடிக்கிறான், அப்படியானால் தீர்ந்துவிடும். இன்னும் இரண்டு வாங்கிக்கொண்டு விழுந்துவிட்டால் போதும் என்று கையைத் தொங்கவிட்டான். அடுத்த குத்து வருவதற்குள்ளேயே முழங்கால் தானாக மடிந்தது.

விழவில்லை. சிரிலோ சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கியிருந்தான்.

"விழாத."

சட்டையைப் பிடிக்கக் கூடாது என்பது விதி. சாட்டை சிரிலோவின் முதுகில் விழுந்தது. அவன் விடவில்லை. இன்னொரு சாட்டை. சட்டை கிழிந்து தோல் தெரிந்தது.

"விழுந்தேன்னா ஒன்னக் கொன்னுடுவேன்" என்றான். பிடியை விட்டுவிட்டுப் புறங்கையால் கன்னத்தில் அறைந்தான், நாயை அறைவதுபோல.

அந்த அறையில் நிகனோருக்கு ஏதோ கழன்றது. ஒரு வருஷத்து மழைப்பேச்சு, திரும்பி வந்த கடப்பாரை, தன்னந்தனியாகக் குடித்த சிச்சா எல்லாம் சேர்ந்து கைக்குள் வந்தன. அடித்தான். முதன்முறையாகக் காற்றை அடிக்கவில்லை. சிரிலோவின் புருவம் பிளந்து கண்ணுக்குள் ரத்தம் வழிந்தது. அவன் பின்வாங்காமல் முகத்தை முன்னால் கொண்டுவந்தான். நிகனோர் மறுபடி அடித்தான். ஒரு பல் புழுதியில் விழுந்தது. சிரிலோ உதைத்தான், இவன் விலாவில் நொறுங்கியது இன்னும் நொறுங்கியது. வலி தலைக்கேற, நிகனோர் தாடையில், கழுத்தில், மறுபடி தாடையில் குத்தினான். விரல் ஒன்று ஒடிந்தது தெரிந்தது. ஒடிந்த விரலோடும் குத்தினான். தான் அழுதுகொண்டே அடிப்பது அவனுக்கே வெகுநேரம் தெரியவில்லை.

பெண்கள் "போதும், போதும்" என்று கத்தினார்கள். லியோகாதியா மட்டும் கத்தவில்லை. வட்டத்துக்குள் ஓடப்போன எர்மினியாவின் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

சிரிலோ முழங்காலிட்டு விழுந்தான். சாட்டைக்காரர்கள் நடுவில் பாய்ந்தார்கள். பாய வேண்டியிருக்கவில்லை. நிகனோர் ஏற்கெனவே கையை மடக்கிக்கொண்டு அவன் எதிரில் உட்கார்ந்திருந்தான்.

சிரிலோ வாயைத் திறந்தான். ரத்தமும் எச்சிலும் வழிந்தன, அவற்றோடு ஒரு சத்தமும் வந்தது. முதலில் சிரிப்பு என்று நினைத்தார்கள். அமன்சியாவின் குழி மூடியபோது அவன் அழவில்லை, அதற்குப் பிறகும் அழவில்லை என்று ஊருக்கே தெரியும். இப்போது, அத்தனை பேர் நடுவில், தோள் குலுங்க அழுதான்.

முறைப்படி கட்டிப்பிடிக்க வேண்டும். இரண்டு பேருக்கும் எழ முடியாததால் உட்கார்ந்தபடியே பிடித்துக்கொண்டார்கள். இந்த முறை உத்தரம் இல்லை.

"இப்பவாச்சும் சொல்லு மச்சான்" என்றான் நிகனோர், வீங்கிய உதட்டோடு. "ஒரு வருஷமா எங்கிட்ட ஏன் பேசல?"

சிரிலோ நிமிர்ந்து வானத்தைப் பார்த்தான். மேற்கே நன்றாகவே கறுத்திருந்தது. மறுபடியும் அதே மழைதான் என்று நிகனோர் கண்ணை மூடிக்கொண்டான்.

"அவ போனதுலேர்ந்து ஊரே என்னத் தட்டிக்குடுத்துச்சு" என்றான் சிரிலோ. "குனிஞ்சு பேசுச்சு. நீ ஒருத்தனாவது அடிப்பேன்னு நம்பித்தான் போன வருஷம் வட்டத்துக்கு வந்தேன். எங்கையி உன்மேல படக்கூட இல்ல, நீ விழுந்துட்ட. அன்னைக்குத்தான் மச்சான் தெரிஞ்சுது, அவகூட என்னையும் சேத்துப் பொதச்சுட்டீங்கன்னு."